நோய்க்கு முந்தைய நைனாவை எழுதி வைப்பது

ரொம்ப நாள் நோயில் கிடந்து ஒருவர் போய்விட்டால், வீட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி ஞாபகம்தான். நைனாவின், அதாவது எங்கள் அப்பாவின், படத்தை என் செல்போனில் தேடினால் சிறுநீரகத்துக்கு எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டாக வரும். குடியாத்தத்தில் தறி போட்டு, லுங்கி நெய்தே எங்களைப் படிக்க வைத்தவர். கடைசியில் தெருவில் அவருக்கு ‘டயாலிசிஸ்காரர்’ என்று பேர். அதனால் அவர் கதையை எழுத உட்கார்ந்தபோது நோயைக் கடைசிக்குத் தள்ளினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மருத்துவக் காகிதங்களை ஒரே கவரில் போட்டு பீரோவுக்குள் வையுங்கள். எறிந்துவிட வேண்டாம். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் குடும்பத்தில் தொடரக்கூடியவை, நாளைக்கு உங்களிடமே டாக்டர் கேட்பார். கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

செல்போன் விஷயத்தில் மட்டும் சுணங்கக் கூடாது. ரீசார்ஜ் நின்றால் நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். வாட்ஸ்அப் கணக்கை 120 நாள் யாரும் தொடாவிட்டால் பொதுவாக நீக்கிவிடுவார்கள். அவர் உங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து, மீடியாவோடு எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று வையுங்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். “வர்றப்போ முள்ளுக்கத்திரிக்கா அரை கிலோ வாங்கிட்டு வா, காம்பப் பாத்து வாங்கு” என்பதில் இருக்கிற மனுஷன் பொங்கல் வாழ்த்தில் இல்லை.

பழைய கடிதங்களில் தேதி அழிந்திருக்கும். உறையில் பின்கோடு இல்லையென்றால் 1972க்கு முந்தையதாக இருக்கலாம். எங்கள் பக்கத்து அலுவலக முத்திரையில் வெறும் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1989இல் மாவட்டம் பிரிவதற்கு முன்பு. ‘வட ஆற்காடு அம்பேத்கர்’ என்றிருந்தால் பிரிந்த பிறகு. போட்டோவின் பின்னால் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

ஆட்களிடம் கேட்பதுதான் பெரிய வேலை. “நைனா எப்படிப்பட்டவர்?” என்றால் “தங்கமான மனுஷன்” என்பார்கள், அதோடு முடிந்தது. அந்த வரியைத்தான் கண்ணீர் அஞ்சலி பேனரிலும் போட்டிருந்தோமே! பேச்சு வளர வேண்டுமானால் ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். நைனாவின் கூலி நோட்டை அவரோடு தறி போட்ட மாமாவிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கங்களில் பென்சிலால் 12, 2, 4, 2, 12 என்று வரிசை வரிசையாக எண்கள், பார்த்தால் பால் கணக்கு மாதிரி இருக்கும். மாமா ஒவ்வொரு எண்ணிலும் விரலை வைத்து, “கறுப்பு, மஞ்சள், பச்சை, மஞ்சள், திரும்பக் கறுப்பு” என்று படித்தார். லுங்கிக் கட்டத்துக்கான இழைக் கணக்கு! “இந்தக் கட்டம் உங்க நைனாவே யோசிச்சுப் போட்டதும்மா. முதலாளி மஞ்சள் வேணாம்னாரு. இவரு விடல” என்றார். நைனா யாரையும் எதிர்த்துப் பேசி நாங்கள் பார்த்ததில்லை. அப்புறம் அரைமணி நேரம் மாமா நிறுத்தவேயில்லை. செல்போனில் பதிவு செய்துகொண்டேன், கேட்டுவிட்டுத்தான்.

இதற்குக் காரியத்தன்று உட்காராதீர்கள். ஒருவர் வாயைத் திறந்தால் இன்னொருவர் அழுவார், நடுவில் பந்தி வேறு. எங்கள் ஊரில் வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் வந்துவிடுவார்கள். மறுநாள் சாவகாசமாகத் திண்ணையில் இரண்டிரண்டு பேராகப் பிடிக்கலாம்.

நோய்க்கு இரண்டு பக்கம் போதும். அதையும் கூட இருந்து பார்த்துக்கொண்டவரே சொல்லட்டும். எங்கள் வீட்டில் அம்மா சொன்னார்: டயாலிசிஸ் வாரம் மூன்று முறை, முறைக்கு நாலு மணி நேரம். “இந்த நேரத்துக்கு ஒரு லுங்கி இறக்கியிருப்பேன்” என்று நர்ஸிடம் நைனா சொல்வாராம்.

எழுதியதை ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு, வருஷ திதிக்கு வருகிறவர்களிடம் கொடுங்கள். திதி தமிழ் மாதக் கணக்கில் வரும், இங்கிலீஷ் தேதியை நம்பினால் முன்னே பின்னே ஆகிவிடும், முன்கூட்டியே பார்த்து வையுங்கள். கடைசியில் சில பக்கங்களை வெறுமனே விடுங்கள், விட்டுப்போனதை அவரவர் எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் அத்தை பந்தியில் உட்காரும் முன்பே பேனா கேட்டார்.