கைக்குழந்தையோடு முதல் பயணம்: ஏலகிரிக்கு மூட்டை கட்டிய முறை

ஒரு வயதுகூட ஆகாத குழந்தையோடு முதல் தடவை எங்கே போகலாம் என்று கேட்டால், மூன்று நான்கு மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடம் என்றுதான் சொல்வேன். ஊட்டியும் கொடைக்கானலும் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். அங்கே வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க ரயில், விடிந்ததும் மலையேற்றம் என்றால் குழந்தைக்கும் அலுப்பு, நமக்கும் அலுப்பு.

நாங்கள் போனது ஏலகிரி. சென்னை சென்ட்ரலில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஜோலார்பேட்டை. அங்கிருந்து கார் பிடித்தால் 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போய்விடலாம். உயரம் சுமார் 1,100 மீட்டர்தான், குளிர் மிதமாக இருக்கும். கடல்தான் பிடிக்கும் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) வழியாகப் புதுச்சேரி போங்கள். கீழே உள்ளதில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

1. தேதி குறிக்கும் முன் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள்

ஊசி போட்ட ஓரிரு நாளில் காய்ச்சல் வருவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்பதாம் மாதம் போடும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லாமல், ஒரு வாரம் பத்து நாள் கழித்துக்கூட காய்ச்சல் வரலாம். அந்த இடைவெளியையும் கணக்கில் வைத்துத் தேதி குறியுங்கள்.

ரயிலில் 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. காலை ரயிலாகப் பார்த்து, குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்படி போடுங்கள்.

2. தூளிப் பிரச்சினை

இதை முதலிலேயே யோசிக்காவிட்டால் மற்ற எதையும் யோசித்துப் பயனில்லை. எங்கள் பாப்பாவுக்கு உத்தரத்தில் கட்டிய தூளி ஆடினால்தான் கண் சொக்கும். விடுதி அறையில் கொக்கி ஏது? ஃபால்ஸ் சீலிங்கும் நடுவில் ஒரு ஃபேனும்தான் இருக்கும்.

கடையில் கிடைக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். கழற்றி மாட்டும் இரும்புத் தொட்டில் ஸ்டாண்ட் சொந்தக் காரில் போகிறவர்களுக்குச் சரி, ரயிலுக்கு ஆகாது. கதவு நிலையில் மாட்டும் கம்பியும் விற்கிறார்கள். நம் வீட்டுத் தேக்கு நிலை தாங்கும். விடுதியின் நிலைச்சட்டம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் அதில் குழந்தையைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. ரயிலில் பெர்த் கம்பிகளுக்கு நடுவே சேலையைக் கட்டி ஆட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வண்டி திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரே வழி, மெத்தையில் தூங்கப் பழக்குவது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். முதலில் பகல் தூக்கம் மட்டும். வழக்கம்போலத் தூளியில் ஆட்டுங்கள், முழுக்கத் தூங்க விடாதீர்கள். கண் பாதி மூடியதும் எடுத்து மெத்தையில் போடுங்கள். போடுவதில்தான் சூட்சுமம். முதுகு தொட்ட மறு நொடி இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு அழும். அதனால் முதலில் கால், அப்புறம் பிட்டம், பிறகு முதுகு, கடைசியாகத் தலை என்று மெதுவாக இறக்குங்கள். தலையை வைத்த பிறகும் உங்கள் உள்ளங்கை அதன் நெஞ்சின் மேலேயே இருக்கட்டும். மூச்சு சீரானதும் ஒவ்வொரு விரலாக எடுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் ஐந்து விரலையும் ஒன்றாக எடுத்தால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து.

தூளி கட்டிய அதே பழைய பருத்திச் சேலையை மெத்தை மேல் இழுத்து விரித்து, ஓரங்களை அடியில் செருகிவிடுங்கள். வாசனை பழகியது என்பதால் அழுகை குறையும். தளர்வாகக் கிடக்கக் கூடாது, முகத்தில் சுற்றிக்கொள்ளும். தலையணையும் வேண்டாம். பகல் தூக்கம் பிடிபட்டதும் ராத்திரிக்கு மாறுங்கள். ஊருக்குப் போன இடத்தில் அந்தச் சேலையையே விரியுங்கள், அதே தாலாட்டைப் பாடுங்கள்.

விடுதியில் 'எக்ஸ்ட்ரா பெட்' கேட்டு அதைத் தரையில் போடச் சொல்லுங்கள். புரளும் குழந்தைக்கு உயரக் கட்டிலைவிட அது எவ்வளவோ மேல். மடக்கும் குடைக் கொசுவலை அதன் மேல் கச்சிதமாக உட்காரும்.

3. சாப்பாடு

ஆறு மாதத்துக்குள் என்றால் தாய்ப்பால் போதும், இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். அதற்கு மேல் என்றால், வீட்டுச் சத்துமாவை வெந்நீரில் கலந்து கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அரிசியும் பருப்பும் வெந்நீரில் வேகாது, அடுப்பில் கொதிக்க வேண்டும். பயணத்துக்கு அவல்தான். மூன்று பங்கு அவலைக் கை பொறுக்கும் சூட்டில் மொறுமொறுப்பாக வறுத்து, ஒரு பங்கு பொட்டுக்கடலை சேர்த்து, நைசாகப் பொடித்துச் சலியுங்கள். இரண்டு ஸ்பூனில் நல்ல வெந்நீர் ஊற்றிக் கலக்கி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் கஞ்சி தயார். இனிப்புக்குத் தேன் மட்டும் வேண்டாம், ஒரு வயதுக்குள் அது கூடாது. இந்தக் கஞ்சியைக் கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பே வீட்டில் கொடுத்துப் பாருங்கள். புதுச் சாப்பாட்டைப் பரிசோதிக்கும் இடம் ரயில் இல்லை.

ஒரு லிட்டர் பிளாஸ்க் ஒன்றைவிட அரை லிட்டர் ஸ்டீல் பிளாஸ்க் இரண்டு நல்லது. பெரியதை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மொத்தத் தண்ணீரும் ஆறும். கெட்டில் அறைக்கு மட்டும். ரயில் பிளக்கில் போடுவது குற்றம். பவுடர் பால் கொடுப்பவர்கள் கொதித்த தண்ணீரைச் சூடு குறையும் முன்பே, 70 டிகிரிக்குக் கீழே போகாமல் ஊற்றிக் கலக்கி, பிறகு ஆற்றிக் கொடுங்கள். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

4. பை

குழந்தைக்கு ஒரே பெரிய பை வேண்டாம். 'ஒரு தடவைக்கு ஒரு கவர்' என்பது என் கட்சி: ஒரு ஜிப் கவரில் ஒரு டயப்பர், ஒரு சட்டை, கிழித்த பழைய வேட்டித் துணி இரண்டு. மாற்ற வேண்டிய நேரத்தில் பையைக் கிளறாமல் ஒரு கவரை உருவினால் போதும், அழுக்கையும் அதிலேயே போட்டு மூடிவிடலாம். வெட் வைப்ஸைவிட நனைத்த வேட்டித் துணிதான் எனக்குப் பிடிக்கும். குழந்தையின் தோலும் சிவக்காது. பயண நாளுக்கு மட்டும் இப்படி எட்டு கவர். மீதி டயப்பர்களைப் பெட்டியில் போடுங்கள், தீர்ந்தால் ஜோலார்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்ட்ரோலரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரயில் நிலையப் படிக்கட்டில் அதையும் குழந்தையையும் ஒன்றாகத் தூக்குவது வித்தை. கழுத்து நின்ற குழந்தைக்கு நெஞ்சோடு கட்டும் கேரியர் போதும்.

5. மலையேறும்போது

வயிறு நிறையக் கொடுத்து உடனே வளைவில் ஏறினால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பாதி ஏற்றத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இரண்டு வாய் பாலோ தண்ணீரோ கொடுங்கள். விழுங்கினால் காது அடைப்பு விடும்.

சேர்ப்பு: மருந்து பற்றி எழுதவில்லையே என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். காய்ச்சல் மருந்தில் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. பாராசிட்டமால் டிராப்ஸில் பெரும்பாலும் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம்; சிரப்பில் 5 மில்லிக்கே 120 அல்லது 125 மில்லிகிராம்தான். சிரப்பின் அளவில் டிராப்ஸைக் கொடுத்தால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். மருத்துவர் எழுதியது எது என்று பார்த்து, எடைக்கு எத்தனை மில்லி என்று கேட்டு, பாட்டில் மேலேயே ஒட்டிவிடுங்கள். இருமல் மருந்தைப் பையில் போடாதீர்கள். இரண்டு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று மத்தியச் சுகாதாரத் துறையே 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். என்றால் தண்ணீரில் கரைக்கும் பொட்டலம். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ சரியாக அவ்வளவு, கூடவும் கூடாது குறையவும் கூடாது.

இன்னொரு சேர்ப்பு: விமானத்தில் போகிறவர்கள் கேட்டிருந்தீர்கள். இரண்டு வயதுக்குள் மடியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வயதுச் சான்று கேட்பார்கள். சென்னையில் பிறந்த குழந்தை என்றால் மாநகராட்சி இணையதளத்திலேயே பிறப்புச் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். அதில் பெயர் ஏறியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பிறந்த ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது.