பாட்டியின் அரிவாள்மனை உங்கள் கைக்கு வந்தால்: துரு எடுப்பது முதல் கூர் ஏற்றுவது வரை

பாகம் பிரிக்கும்போது பித்தளை அண்டாவுக்கும் வெண்கலப் பானைக்கும் போட்டி இருக்கும். பரண் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிற அரிவாள்மனையை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் கேட்டு வாங்கி வந்துவிட்டீர்கள் என்றால், அதைப் பழையபடி காய் நறுக்க வைப்பது எப்படி என்று பார்ப்போம். (வாங்கும்போது கையில் வாங்காமல், தரையில் வைக்கச் சொல்லி எடுத்திருப்பீர்கள். இல்லாவிட்டால் சண்டை வருமாம். சண்டையோ இல்லையோ, கை வெட்டுப்படாமல் இருக்க அது நல்ல பழக்கம்தான்.)

முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

அந்தக் காலத்து அலகு பெரும்பாலும் கார்பன் எஃகு. துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். இதில் அது கிடையாது. அதனால்தான் துரு. ஆனால் கல்லில் தேய்த்தால் சட்டென்று கூர் ஏறுவதும் இதில்தான்.

அலகின் மேல் இரண்டு நிறம் தெரியும். விரலில் ஒட்டுகிற செம்பழுப்புப் பொடி துரு. அது போக வேண்டும். வழுவழுப்பான சாம்பல் கலந்த கருமை, வருஷக்கணக்காகக் காய் நறுக்கிப் படிந்தது. அதை விட்டுவிடுங்கள், மேலும் துரு ஏறாமல் ஓரளவு காப்பதே அதுதான். பளபளவென்று ஆக்க வேண்டும் என்ற ஆசையில் பலர் அதையும் சுரண்டிவிடுகிறார்கள். பாட்டி தீட்டித் தீட்டி அலகு ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தால் அதையும் நேராக்க முயல வேண்டாம். அலகின் அடியில், மரத்துக்குள் இறங்கும் இடத்தில், விரிசல் இருந்தால் மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

துரு எடுப்பது

தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மனைக்கட்டையைத் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது; மரம் உப்பி, காயும்போது வெடிக்கும். வினிகரில் நனைத்த துணியை அலகில் மட்டும் சுற்றி வையுங்கள். வினிகர் இல்லையென்றால் கெட்டியான புளிக்கரைசலும் போதும். ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தால் துணியில் செங்காவிக் கறை இறங்கியிருக்கும். கம்பி நாரால் தேயுங்கள். போகாத இடத்துக்கு 400 எண் உப்புத்தாள். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும். முடிந்ததும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, உடனே ஈரம் போகத் துடையுங்கள். உடனே என்றால் உடனே. ஈரத்தோடு விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மை படரும்.

தேங்காய் துருவும் பல் இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

கூர் ஏற்றுவது

மோட்டார் சாணைக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. நிதானம் தெரிந்தவர் கையில் பரவாயில்லை. அவசரக்காரரிடம் போனால் சூட்டில் ஓரம் நீலம் பாய்ந்து, எஃகின் பதம் போய்விடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

கத்தி என்றால் கல்லின் மேல் கத்தியைத் தேய்ப்போம். இங்கே அலகு நிலையாக நிற்கும், கல்தான் நகர வேண்டும். கையடக்கமான சாணைக்கல் ஒன்று, சொரசொரப்பான 400 எண் முகமும் வழுவழுப்பான 1000 எண் முகமும் உள்ளதாக, வாங்கிக்கொள்ளுங்கள். மனையை மேஜை ஓரத்தில் கிளாம்ப் போட்டு அசையாமல் நிறுத்துங்கள்.

கோணம்தான் புதியவர்களைக் குழப்பும். அலகுக்கும் கல்லுக்கும் நடுவே 20 டிகிரி இருந்தால் போதும்: செங்கோணத்தில் பாதி, அதில் பாதி, அதற்கும் கொஞ்சம் கீழே. கூர் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஓரம் வரைக்கும் மை அழிந்தால் கோணம் சரி. ஓரத்தை விட்டுத் தள்ளி மட்டும் அழிந்தால் கல் ரொம்பப் படுத்திருக்கிறது. கூர் விளிம்பில் மட்டும் அழிந்தால் ரொம்ப நிமிர்ந்திருக்கிறது.

ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். விரலைக் கூர் வழியே ஓட்டாமல், அலகின் மேலிருந்து ஓரத்தைத் தாண்டி வெளியே தடவினால் சொரசொரப்பு தெரியும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் அடுத்த பக்கம். பிறகு 1000 முகத்தால் இரண்டு பக்கமும் லேசாக. பழுத்த தக்காளித் தோலில் அழுத்தாமலே இறங்கினால் போதும்.

அப்புறம்

மாங்காயும் எலுமிச்சையும் இதில் நறுக்கினால் காயும் கறுக்கும், அலகும் கறுக்கும். அவற்றுக்கு வேறு கத்தி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் எடுப்பதென்றால் துடைத்துவிட்டு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். மாதக்கணக்கில் வைப்பதென்றால் அது சிக்கு வாடை அடிக்கும். வெட்டுப்பலகைக்கு விற்கும் மினரல் ஆயில் நல்லது. குழந்தைகள் இருக்கிற வீட்டில், நீளவாக்கில் கீறிய பழைய ரப்பர் குழாயைக் கூரின் மேல் செருகி, உயரத்தில் வையுங்கள்.

வெளியூருக்கு விமானத்தில் கொண்டுபோவதென்றால் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். அலகை அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, செக்-இன் பெட்டியில் போடுங்கள்.