எஃப்.டி.பி. சேர்வரில் இறக்கிய படம் திறக்கவில்லையா? முதலில் அளவைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் ஸ்டூடியோ, மருதானையில் அச்சகம். கல்யாண ஆல்பப் படங்கள் நடுவில் ஒரு எஃப்.டி.பி. சேர்வர், அதாவது இணையம் வழியாகக் கோப்புகளை ஏற்றி இறக்கும் கணினி, வழியாகப் போய்வருகின்றன. இறக்கிய படம் திறக்க மறுக்கிறது, அல்லது கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவே நிற்கிறது. உடனே பழுதுபார்க்கும் மென்பொருளைத் தேடிப் போகாதீர்கள். பல நேரம் சேர்வரில் உள்ள படம் நன்றாகவே இருக்கும். வரும் வழியில்தான் கெட்டிருக்கும்.

படி 1: அளவை ஒப்பிடுங்கள்

ஃபைல்சில்லா என்ற எஃப்.டி.பி. மென்பொருளில் இடப்பக்கம் உங்கள் கணினி, வலப்பக்கம் சேர்வர். இரண்டிலும் கோப்பின் அளவைக் கடைசி இலக்கம் வரை பாருங்கள். விண்டோஸ் ப்ராப்பர்ட்டீஸில் பார்ப்பதென்றால் 'சைஸ்' வரிதான் வேண்டும். 'சைஸ் ஆன் டிஸ்க்' வேறு கணக்கு.

உங்களிடம் உள்ளது நன்றாகக் குறைந்திருந்தால் இணைப்பு நடுவில் அறுந்திருக்கிறது. திரும்ப இறக்குங்கள். சற்றே கூடியிருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: பைனரிக்கு மாற்றுங்கள்

எஃப்.டி.பி.யில் ஆஸ்கி, பைனரி என்று இரண்டு முறைகள் உண்டு. ஆஸ்கி எழுத்துக் கோப்புகளுக்கானது. பல சேர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் வரிமுடிவை ஒரு பைட்டால் (10) குறிக்கும், விண்டோஸ் இரண்டால் (13, 10). இந்த வேறுபாட்டை ஆஸ்கி முறை சரிசெய்து கொடுக்கும். படத்துக்குள் வரி ஏது? ஆனாலும் லினக்ஸ் சேர்வரிலிருந்து விண்டோஸுக்கு வரும்போது, 10 என்ற பைட் உள்ள இடங்களில் 13 என்ற பைட்டையும் செருகிவிடும். இதைக் காட்டிக்கொடுக்கவே பி.என்.ஜி. என்ற பட வகைக் கோப்பின் முதல் 8 பைட்டுகளுக்குள் 13, 10 இரண்டையும் வைத்திருக்கிறார்கள். அதனால் பி.என்.ஜி. படம் தொடக்கத்திலேயே மறுத்துவிடும்.

ஃபைல்சில்லாவில் 'ட்ரான்ஸ்ஃபர்' மெனு, 'ட்ரான்ஸ்ஃபர் டைப்', 'பைனரி'. கட்டளை வரியில் என்றால் கோப்பை இறக்கும் 'கெட்' கட்டளையைக் கொடுக்கும் முன் 'பைனரி' என்று அடித்து என்டர் தட்டுங்கள். 1985இல் வந்த எஃப்.டி.பி. தரத்தில் இயல்பு முறை ஆஸ்கிதான், ஆகவே இதை விட்டுவிடக்கூடாது. அப்புறம் திரும்ப இறக்கும்போது 'ரெஸ்யூம்' வேண்டாம், கெட்ட கோப்பின் மேல் ஒட்டுப்போட்டதாகிவிடும். 'ஓவர்ரைட்' கொடுங்கள்.

படி 3: அளவு சரி, படம் மட்டும் திறக்கவில்லை

ஏற்றியவரே ஆஸ்கியில் ஏற்றியிருக்கலாம். அப்படியானால் சேர்வரில் உள்ளதே கெட்டது. பைனரியில் மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். ஹெய்க் (heic) என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது ஐபோன் படம், யாரோ பெயரை மட்டும் ஜேபெக் என்று மாற்றியிருக்கிறார்கள். பெயரின் முடிவை .heic என்று திருப்பி வைத்து, ஜேபெக்காக மாற்றும் செயலியில் போட்டு எடுங்கள்.