ஒரே தேதியில் இசையும் அரசியலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூடத்து 'வரலாற்றில் இன்று' பலகை ஆகட்டும், சபா விழா மலர் ஆகட்டும், ஒரே தேதியில் வரும் இசை நிகழ்வையும் அரசியல் நிகழ்வையும் ஜோடி சேர்த்து மதுரையில் புதிதாக எழுத வருபவர்கள் எழுத்துப்பிழைக்குத்தான் அஞ்சுகிறார்கள். அதை யாராவது திருத்திவிடுவார்கள். கீழே உள்ள தவறுகள் அப்படியே அச்சாகிவிடும்.

திதியைத் தேதியாக்குவது

தியாகராஜர் ஆராதனை அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியில் (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளில்) வரும். 2023இல் அது ஜனவரி 11, 2024இல் ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18. சந்திர ஆண்டுக்கு 354 நாள்தான். ஆகவே திதி வருடத்துக்குப் பதினோரு நாள் போல முன்னே வரும், அதிக மாதம் (கூடுதலாகச் சேரும் சந்திர மாதம்) குறுக்கிட்டால் பத்தொன்பது நாள் போலப் பின்னே தள்ளும். 2024இல் அது காந்தி நினைவு நாளில் விழுந்தது. உடனே 'இருவரும் மறைந்த தேதி ஒன்றே' என்று எழுதக் கை துறுதுறுக்கும். காந்தி மறைந்தது 1948 ஜனவரி 30. தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. தமுக்கம் பக்கத்துக் காந்தி மியூசியத்தில் ரத்தக்கறைத் துணியைப் பார்த்துவந்த பிள்ளைக்கு இந்தப் பொய்யையும் சேர்த்து மனப்பாடம் செய்யக் கொடுப்பது எரிச்சலான காரியம்.

இதன் மறுபக்கமும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தது 1835 அக்டோபர் 21, தீபாவளி நாள். சிங்கப்பூரில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தது 1943 அக்டோபர் 21. ஜோடி சரிதான், ஆனால் அக்டோபர் 21க்கு மட்டும். தீபாவளிக் கச்சேரி மலரில் நேதாஜிக்கு இடமில்லை.

குறிப்பேட்டில் ஆங்கிலத் தேதி, திதி, ஊர் என்று மூன்று கட்டம் போடுங்கள். இரண்டு பக்கமும் முதல் கட்டம் நிரம்பாமல் ஜோடி சேர்க்காதீர்கள்.

பிறப்பா, மறைவா

டிசம்பர் 11: பாரதி பிறந்தது 1882இல், எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்தது 2004இல். ஒருவர் மதுரை சேதுபதி பள்ளியில் வேலை பார்த்தவர், இன்னொருவர் மதுரையிலேயே பிறந்தவர். அந்த உற்சாகத்தில் 'இருவரின் நினைவு நாள்' என்று போட்டுவிடாதீர்கள்.

ரஷ்யத் தேதிகள்

1918 தொடக்கம் வரை அங்கே பழைய (ஜூலியன்) நாட்காட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள் கூட்டுங்கள், இருபதாம் நூற்றாண்டுக்கு 13. இசையமைப்பாளர் சைக்காவ்ஸ்கி பிறந்த ஏப்ரல் 25 மே 7 ஆவதும், அக்டோபர் புரட்சி நவம்பர் 7இல் வருவதும் இதனால்தான். இசையமைப்பாளர் புரோக்கோஃபியெவும் ஸ்டாலினும் மறைந்த 1953 மார்ச் 5க்கு எதையும் கூட்ட வேண்டாம்.

நள்ளிரவு

பிரிட்டன் என்ற இசையமைப்பாளர் 1913 நவம்பர் 22இல் பிறந்தார். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளன்று கென்னடி சுடப்பட்டார். டல்லாஸில் பகல் 12.30, நமக்கு அப்போது 23ஆம் தேதி பிறக்கிறது. நிகழ்ந்த ஊரின் தேதியையே எடுங்கள்.

பீத்தோவன்

1770 டிசம்பர் 17 அவருடைய ஞானஸ்நான நாள். அதைப் பிறந்த நாள் என்று போட்டுவிடாதீர்கள்.