வாரண்டி கிளைம் தட்டிப் போகாம இருக்க ஜாப் கார்டுல என்ன எழுதணும்: சேலம் ஏர்காடு பக்கம் கார் வச்சிருக்கவங்களுக்கு

புது வண்டியில ஒரு சத்தம்னு ஷோரூமுக்கு கொண்டு போனா "எல்லா வண்டியிலயும் இப்படித்தான் சார் இருக்கும், நார்மல்தான்"னு சொல்லி வாட்டர் வாஷ் மட்டும் பண்ணி அனுப்பி விடுறது நிறைய பேருக்கு நடக்குது. நான் சேலத்துல ஒரு டீலர்கிட்ட வாரண்டி டெஸ்க்ல உக்காந்து வேலை பாத்தவன், இப்ப அந்த லைன்ல இல்ல, அதனால உள்ள எப்படி ஓடுதுன்னும், வண்டி விடும்போது நம்ம கம்ப்ளெயின்ட எழுதுற சீட்டான ஜாப் கார்டுல என்ன இருக்கணும்னும் வெளிப்படையா எழுதுறேன், இது தெரிஞ்சா உங்க காசும் மிச்சம், அங்க வேலை பாக்குற பசங்ககிட்ட தேவையில்லாம சண்டை போடவும் வேண்டியதில்ல.

முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும். வாரண்டியில பாக்குற வேலைக்கு காசு குடுக்குறது வண்டி கம்பெனி. டீலர் முதல்ல தன் கையில இருக்குற பார்ட்ட போட்டு, தன் ஆள வச்சு வேலை முடிச்சிட்டு, அப்புறம்தான் கம்பெனிக்கு கிளைம் போடுவாரு. அந்த கிளைம்ல சேசிஸ் நம்பர், கிலோமீட்டர், வண்டி டெலிவரி ஆன தேதி, கஸ்டமர் சொன்ன கம்ப்ளெயின்ட், அதுக்கு காரணம் என்ன, என்ன பண்ணி சரி பண்ணாங்க, எந்த பார்ட் போச்சு, லேபர் கோடு என்ன, எல்லாம் இருக்கணும். லேபர் கோடுன்னா ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம்னு கம்பெனி முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கும், ஒன்றரை மணி நேரம்னு போட்டிருந்தா மெக்கானிக் நாலு மணி நேரம் மல்லாடினாலும் ஒன்றரைக்குத்தான் காசு வரும். பிரச்சனை என்னன்னு தேடுற நேரத்துக்கு பெரும்பாலும் சரியா காசே வராது. கழட்டின பழைய பார்ட்டுக்கு டேக் கட்டி எடுத்து வைக்கணும், கம்பெனி கேட்டா அனுப்பணும், அங்க டெஸ்ட் பண்ணி பார்ட் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டா அந்த நஷ்டம் டீலர் தலையில விழும். வண்டிய வாங்கி கம்ப்ளெயின்ட் எழுதுற சர்வீஸ் அட்வைசர் தயங்குறதுக்கு பாதி காரணம் இதுதான். நீங்க அந்த தயக்கத்த போக்குற மாதிரி விஷயத்த குடுத்தா போதும், உங்க கிளைம் நகர்ந்திடும்.

இப்ப சர்வீஸ் புல்லட்டின். ஒரே மாடல்ல ஒரே கம்ப்ளெயின்ட் பல ஊர்ல இருந்து வந்தா கம்பெனி டீலர்களுக்கு ஒரு சர்க்குலர் அனுப்பும். இந்த தேதியில இருந்து இந்த தேதி வரைக்கும் தயாரான வண்டிகள், இந்த அறிகுறி, இப்படி செக் பண்ணு, இந்த புது பார்ட் நம்பர போடு இல்ல இந்த சாஃப்ட்வேர ஏத்து, இந்த லேபர் கோடுல கிளைம் பண்ணுன்னு அதுலயே இருக்கும். அந்த சர்க்குலர் இருந்தா டீலருக்கு கிளைம் ரிஜெக்ட் ஆகுற பயம் ரொம்பவே குறையும். ஆனா இது ரீகால் கிடையாது. ரீகால்னா பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, கம்பெனியே உங்கள தேடி வந்து சொல்லணும், வாரண்டி முடிஞ்சிருந்தாலும் இலவசமா பண்ணி குடுக்கணும், மோட்டார் வாகன சட்டத்துல 2019 திருத்தத்துல 110ஏ பிரிவுன்னு இதுக்காகவே சேத்தாங்க. புல்லட்டின் அப்படி இல்ல, நீங்க போய் கம்ப்ளெயின்ட் சொன்னாத்தான் அத எடுப்பாங்க, வாரண்டி இருந்தாத்தான் பொதுவா இலவசம், யாரும் ஃபோன் போட்டு கூப்பிட மாட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல சர்வீஸ் கேம்பெயின்னு ஒன்னு இருக்கு, உங்க வண்டி நம்பர சிஸ்டத்துல போட்டதும் பெண்டிங்னு காட்டும், வழக்கமான சர்வீஸ்க்கு விட்டப்பவே பண்ணிடுவாங்க. அதனால ஒவ்வொரு தடவ வண்டி விடும்போதும் "சேசிஸ் நம்பர் போட்டு பெண்டிங் கேம்பெயின் ஏதாவது காட்டுதா பாருங்க தம்பி"ன்னு ஒரு வார்த்த கேட்டுருங்க.

புல்லட்டின் இருக்கான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? நம்ம ஊர்ல அது டீலரோட லாகின்லதான் இருக்கும். முன்னாடி உக்காந்திருக்க அட்வைசர் தினம் பத்து இருவது வண்டி பாக்குறவரு, எல்லா சர்க்குலரும் ஞாபகம் இருக்காது, அவர குத்தம் சொல்ல முடியாது. ஃபிளோர் சூப்பர்வைசரையோ வாரண்டி இன்சார்ஜையோ பாத்து, அறிகுறிய சொல்லி "இதுக்கு கம்பெனில இருந்து சர்க்குலர் வந்திருக்கா"ன்னு கேளுங்க. இன்னொரு வழி ஸ்பேர்ஸ் கவுன்டர். சந்தேகப்படுற பார்ட்டோட பேர சொல்லி "பழைய நம்பர் மாறி புது நம்பர் வந்திருக்கா"ன்னு கேட்டா சிஸ்டத்துல பாத்து சொல்லிடுவாங்க. நம்பர் மாறியிருந்தாலே டிசைன் மாறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, சப்ளையர் மாறினாலும் மாறும், ஆனா உங்க கம்ப்ளெயின்ட்டோட அது ஒத்துப் போச்சுன்னா அழுத்தி கேக்க நல்ல பிடி. வெளிநாட்டுலயும் விக்கிற மாடலா இருந்தா அமெரிக்காவுல சாலை பாதுகாப்ப பாக்குற அரசு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏவோட தளத்துல புல்லட்டின்கள பொதுவிலயே போடுறாங்க, அதே கியர்பாக்ஸ் அதே இஞ்சினுக்கு என்ன பிரச்சனைன்னு ஒரு ஐடியா கிடைக்கும்.

ஜாப் கார்டு விஷயத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். "சத்தம் வருது, செக் பண்ணவும்"னு எழுதினா அந்த கார்டு செத்த கார்டு. மெக்கானிக் ஓமலூர் ரோட்டுல ஒரு ரவுண்டு போய்ட்டு வருவாரு, சத்தம் கேக்காது, "கம்ப்ளெயின்ட் தெரியல"ன்னு மூடிடுவாங்க. சமதளத்துல வராத பிரச்சனை எவ்வளவோ மலையிலதான் வரும், நம்ம ஏர்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, முதல் கியர் ரெண்டாவது கியர்லயே ஏறி ஏறி இஞ்சின், கிளட்ச், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எல்லாம் சூடாகும், இறங்குறப்ப பிரேக் சூடாகும். அதனால இப்படி எழுத சொல்லுங்க: "அடிவாரத்துல இருந்து ஏர்காடு ஏறும்போது, இஞ்சின் சூடானப்புறம், ஏசி ஆன்ல, ரெண்டாவது கியர்ல, வலது பக்க வளைவு திரும்பி ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது முன்னாடி இடது சைடுல கட கடன்னு சத்தம், சமதளத்துல இல்ல." இத படிச்ச டெக்னீசியனுக்கு எங்க கை வைக்கணும்னு பாதி தெரிஞ்சிடும். காலைல முதல் வண்டியா அப்பாயின்ட்மென்ட் வாங்கி, டெக்னீசியன ஸ்கேனரோட (வண்டியோட கம்ப்யூட்டர்ல இருந்து விவரம் படிக்கிற கருவி) கூட உக்கார வச்சு, கோரிமேடு தாண்டி அடிவாரம் போய் முதல் சில வளைவு மட்டும் ஏறி காட்டிருங்க, அவர் லைவ் டேட்டா ரெக்கார்ட் பண்ணிக்கட்டும், கிளைமோட சேத்து அனுப்ப அத விட நல்ல ஆதாரம் இல்ல. காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வர்ற பிரச்சனைன்னா முந்தின நாள் ராத்திரியே வண்டிய அங்க விட்டுருங்க. எப்பவாவது வர்றதுன்னா பக்கத்துல இருக்கவங்கள விட்டு மீட்டரோட சேத்து வீடியோ எடுக்க சொல்லுங்க.

இப்பல்லாம் ஜாப் கார்டு ஃபோனுக்கே வந்து ஓடிபி கேக்குறாங்க, படிக்காம ஓடிபி சொல்லாதீங்க. நீங்க சொன்னது அப்படியே இருக்கான்னு பாருங்க. சரியாகலன்னாலும் பரவால்ல, கம்ப்ளெயின்ட் கார்டுல பதிவாகி மூடணும், காப்பி உங்க கையில இருக்கணும். ஏன்னா இதே பிரச்சனை வாரண்டி முடிஞ்சப்புறம் பெருசாச்சுன்னா "வாரண்டி இருக்கும்போதே சொன்னேன், இந்த தேதி, இந்த கிலோமீட்டர்"னு காட்ட உங்ககிட்ட இருக்க ஒரே ஆயுதம் அந்த காப்பிதான்.

கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர் எல்லாம் தேய்மான ஐட்டம், பொதுவா வாரண்டியில வராது. மலை ஏறுற வண்டின்னா "ஓட்டுறது அப்படி"ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. ஆனா கியர்பாக்ஸ இறக்கும்போது ஆயில் சீல் கசிஞ்சு பிளேட்ல ஆயில் பட்டிருக்கான்னு நேர்ல நின்னு பாருங்க, பட்டிருந்தா கோளாறு சீல்ல இருக்கு, அத காரணம்னு எழுத சொல்லி பிளேட்டையும் சேத்து கிளைம் போட கேளுங்க. அப்புறம் வெளிய ஆக்சஸரிஸ் கடையில ஹார்ன், லைட் மாட்டுறப்ப ஒயர கட் பண்ண விடாதீங்க, எலக்ட்ரிக்கல் கிளைம் வந்தா முதல்ல அந்த இடத்தத்தான் ஃபோட்டோ எடுப்பாங்க.

நகரலன்னா ஒர்க்ஷாப் மேனேஜர பாருங்க, கம்பெனியோட ஏரியா சர்வீஸ் மேனேஜர் டீலர்கிட்ட என்னைக்கு வர்றாருன்னு கேட்டு அன்னைக்கு வண்டிய கொண்டு போங்க, இஞ்சின் கியர்பாக்ஸ் மாதிரி பெரிய ஐட்டத்துக்கு கம்பெனி அப்ரூவல் இல்லாம டீலரால கை வைக்க முடியாது. கூடவே கம்பெனி கஸ்டமர் கேர்ல பதிஞ்சு கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்குங்க. அதுக்கும் அசையலன்னா 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், கடைசியா சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், வண்டி விலை 50 லட்சம் வரைக்கும் அங்கயே போடலாம், பிரச்சனை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

வாரண்டி முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகுதுன்னா, சர்வீஸ் எல்லாம் ஒழுங்கா கம்பெனியிலயே பண்ணியிருந்தீங்கன்னா, "குட்வில்ல போட்டு பாருங்க"ன்னு கேளுங்க. பார்ட் விலையில ஒரு பங்கு கம்பெனி ஏத்துக்கும், மிச்சமும் லேபரும் நீங்க குடுக்குற மாதிரி முடியுறது உண்டு. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேக்கணும், பில் க்ளோஸ் ஆனப்புறம் கேட்டா வாரண்டி இன்சார்ஜ் நெனச்சாலும் ஒன்னும் பண்றது கஷ்டம்.