பொருளாதாரச் சொற்களில் மாணவர்கள் தடுமாறும் இடங்கள்

பணவீக்கம் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது என்று படித்ததும், விலைவாசி இறங்கிவிட்டது என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் நிறையப் பேர். விலை இறங்கவில்லை. 100 ஆக இருந்த விலைக் குறியீடு முதல் ஆண்டு 108 ஆகிறது, அடுத்த ஆண்டு சுமார் 111 ஆகிறது. ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. பொதுவான விலைமட்டமே இறங்கினால் அது பணவாட்டம், அது வேறு கதை. இதே எண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: 8 சதவீதம் 3 சதவீதமாக ஆவது 5 சதவீதப் புள்ளிகள் குறைவு. அதை “5 சதவீதம் குறைந்தது” என்று எழுதினால் தவறு, ஏனென்றால் சதவீதக் கணக்கில் அது 62.5.

பெரும்பாலான குழப்பங்களுக்கு ஒரே காரணம்தான் என்று நினைக்கிறேன். வரையறையை மனப்பாடம் செய்கிறோம். இந்த எண் எந்தக் காலத்துக்கு, எந்தத் தொகையின் மேல் என்று கேட்பதில்லை. அரசின் பற்றாக்குறை, அதாவது வரவை மிஞ்சிய செலவு, ஓர் ஆண்டுக்கானது. பொதுக்கடன் பல ஆண்டுகளாகச் சேர்ந்தது. அதனால் பற்றாக்குறை பாதியாகக் குறைந்தாலும் கடன் ஏறிக்கொண்டே இருக்கலாம். வருமானமும் சொத்தும் அப்படித்தான். கைநிறையச் சம்பளம் வாங்குபவரிடம் சொத்தே இல்லாமலும் இருக்கலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் உண்மையிலேயே பணம் போகும் இடம் கடன் வட்டி. 12,000 கடன், ஃப்ளாட் ரேட் 12 சதவீதம், 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,440 சேர்ந்து மாதத் தவணை 1,120 ஆகிறது. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ கடைசி மாதம் வரை முழு 12,000-க்கும் போடப்படுகிறது. மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவை முறையில் கணக்கிட்டால் இது ஆண்டுக்குச் சுமார் 21 சதவீதம்! ஒரு கடனின் ஃப்ளாட் ரேட்டையும் இன்னொன்றின் குறையும் நிலுவை வட்டியையும் நேரடியாக ஒப்பிடவே கூடாது.

சேமிப்பிலும் கவனம் வேண்டும். 6 சதவீத வட்டி கிடைக்கிறது, பணவீக்கம் 7 சதவீதம் என்றால், கணக்கில் பணம் கூடினாலும் அதன் வாங்கும் சக்தி ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் தேய்கிறது. பெயரளவு வட்டி (கணக்கில் சேர்வது), உண்மை வட்டி (பணவீக்கம் போக மிஞ்சுவது) என்று பிரிப்பது இதற்காகத்தான். கூட்டு வட்டியைக் குறைத்து மதிப்பிடுவதும் வழக்கம்: 10 சதவீதத்தில் 100 என்பது பத்து ஆண்டில் தனி வட்டியில் 200, ஆண்டுக்கொருமுறை கூட்டும் வட்டியில் 259. கடன் அட்டை பாக்கியில் இதே கணக்கு நமக்கு எதிராக ஓடும்.

வாய்ப்புச் செலவு என்றதும் கைவிட்ட எல்லா வாய்ப்புகளையும் கூட்டிவிடுகிறார்கள். கைவிட்டவற்றில் மிகச் சிறந்த ஒன்றின் மதிப்பு மட்டும்தான் அது.

அப்புறம், தேவை. ஒரு பொருளின் விலை ஏறியதால் மக்கள் அதைக் குறைவாக வாங்கினால், தேவைக்கோடு (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் மேல் நாம் வேறொரு புள்ளிக்கு நகர்கிறோம். வருமானம், விருப்பம், மாற்றுப் பொருளின் விலை போன்றவை மாறினால்தான் கோடே இடம்பெயரும். வரைபடம் போடும் முன், கேள்வியில் மாறியிருப்பது அந்தப் பொருளின் விலையா வேறொன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.