ரெஃபரல் கேட்பதற்கு முன்னால்: டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சின் நம்பர் (வேலை செய்யத் தேவையான அரசு எண்), வங்கிக் கணக்கு, ஓஹிப் எனும் மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஓட்டுநர் உரிமத்துக்கான ஜி1 தேர்வு பற்றியெல்லாம் சொல்லித்தர இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். சின் நம்பருக்கு, பாஸ்போர்ட்டையும் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) தாளையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் கனடா அலுவலகம் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஊரிலிருந்து இன்னும் கிளம்பவில்லை என்றால், எத்தனை வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று ஆர்டிஓ-விடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள், இங்கே உதவும். அவ்வளவுதான். நான் எழுத வந்தது ரெஃபரல் பற்றி, அதாவது ஒரு கம்பெனியில் வேலை செய்பவரைப் பிடித்து அங்கே நம்மைப் பரிந்துரைக்கச் சொல்வது பற்றி.

ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். ஓஎம்ஆரில் ஏதாவது ஒரு கம்பெனியில் காலேஜ் சீனியர் இருப்பார். "அண்ணா, ரெஸ்யூமே அனுப்பியிருக்கேன், கொஞ்சம் போட்டு விடுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிடுவோம். அவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் எச்ஆருக்குத் தள்ளிவிடுவார். நாம் சேர்ந்தால் அவருக்கு போனஸ், சேராவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே நாளில் பத்து சீனியரிடம் கொடுத்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சுறுசுறுப்பான பையன் என்பார்கள்.

இங்கே பல கம்பெனிகளில் ரெஃபரல் பக்கத்தைத் திறந்தால் கேள்விகள் வரிசையாக வரும். இவரை எப்படித் தெரியும்? எத்தனை காலமாக? சேர்ந்து வேலை செய்திருக்கிறீர்களா? இந்த இடத்துக்கு இவர் ஏன் பொருத்தம்? கடைசிக் கேள்விக்குக் கீழே காலிக் கட்டம் இருக்கும், சொந்தமாக எழுத வேண்டும். அதை எழுதியவர் யார் என்பது வேலைக்கு எடுக்கும் மேனேஜருக்குத் தெரியும். ஊரில் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் எவ்வளவு பேச்சு நடக்கும்? அதே அளவு யோசித்துத்தான் இங்கே ஒருவர் அந்தக் கட்டத்தை நிரப்புகிறார். போன வாரம் லிங்க்ட்இனில் அறிமுகமானவரிடம் போய் அதைக் கேட்டால் அவர் என்ன எழுதுவார், பாவம்.

என் நண்பன் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டே பிழை சொல்வான். இங்கே வந்ததும் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவிடம் அறிமுகப்படுத்தினேன். யாழ்ப்பாணத்துக்காரர். மிசிசாகாவில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவு மேனேஜர். இருவரும் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடையில் உட்கார்ந்தார்கள். இருபது நிமிடம் என்று போன பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. அக்காவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. "அடுத்த கிழமை ஒரு இடம் வருது, வந்ததும் நானே போடுறன், அதுவரைக்கும் பொறுங்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

இவன் பொறுக்கவில்லை. அன்று ராத்திரியே கம்பெனியின் இணையதளத்தில் புகுந்து கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பித்தான். தர ஆய்வாளர், மெஷின் ஆபரேட்டர், கிடங்கு உதவியாளர், ஏன், கொள்முதல் பிரிவுக்குக்கூட. அது போதாது என்று அங்கே வேலை செய்யும் இன்னும் இரண்டு பேரை லிங்க்ட்இனில் தேடிப் பிடித்து, ஒரே செய்தியை வெட்டி ஒட்டி அனுப்பினான். அதில் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு ரெஃபரலும் போட்டுவிட்டார்.

மறுவாரம் அக்கா அவன் பெயரைப் போட்டதும் கணினி மறுத்துவிட்டது. இவர் ஏற்கெனவே எங்கள் பட்டியலில் இருக்கிறார், வேறொருவர் பரிந்துரைத்திருக்கிறார் என்றது. கீழே அவன் விண்ணப்பித்த வேலைகள் எல்லாம் அணிவகுத்து நின்றன. அக்கா எனக்கு போன் செய்தார். குரலில் கோபமில்லை. "உங்கட ஃப்ரெண்ட் எல்லாத்துக்கும் போட்டிருக்கிறார் போல. அவருக்கு என்ன வேலை வேணுமெண்டே எனக்கு விளங்கேல்ல." அதற்குப் பிறகு அவன் அனுப்பிய மெயில்களுக்குப் பதில் வரவில்லை. நல்ல கைத்தொழில் தெரிந்தவன் அந்தக் குளிர்காலம் முழுக்க பிராம்ப்டனில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்தான். அதில் கேவலம் ஒன்றுமில்லை, வாடகை கொடுக்க வேண்டுமே. ஆனால் அவன் அங்கே நின்றிருக்க வேண்டியவன் இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆற்றாமை. இன்னொன்றும் உண்டு. அந்த அக்காவிடம் வேறு யாருக்காகவும் கேட்க இப்போது எனக்கு வாய் வரவில்லை.

அதனால் ஒருவர் "நான் போடுகிறேன்" என்று சொன்னால் அந்தக் கம்பெனியின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள். ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால், அவர் வாய் திறக்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் நேரடியாக விண்ணப்பித்த ஆளுக்கு அப்புறம் ரெஃபரல் சேர்க்கவே வழி கிடையாது. ஒரு கம்பெனிக்கு ஒரு ஆள், ஒன்று அல்லது இரண்டு வேலை. அதற்கு மேல் கை நீட்டினால் அவசரம் மட்டும்தான் வெளியே தெரியும்.

முதல் செய்தியில் வேலையே கேட்காதீர்கள். நீங்கள் யார், அவரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எதைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும் என்று மூன்று நான்கு வரி போதும். "உங்கள் கம்பெனியில் ஏதாவது இருக்கிறதா" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "ஐஏடிஎஃப் 16949 தணிக்கைக்கு உங்கள் பிரிவு எப்படித் தயாராகிறது? நான் ஐஎஸ்ஓ 9001-ல்தான் வேலை செய்திருக்கிறேன், எதைப் படிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள் (முதலாவது கார் பாகத் தொழிலுக்கான தர விதி, இரண்டாவது எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது). தன் வேலையைப் பற்றிப் பேசப் பிடிக்காதவர் யாரும் இல்லை. இருபது நிமிடம் ஆனதும் நீங்களே நேரத்தைச் சொல்லி எழுந்திருக்கப் பாருங்கள். பேச வேண்டும் என்றால் அவரே உட்கார வைப்பார். காபிக்கு நீங்கள் பணம் கொடுக்க முன்வாருங்கள், அவர் கொடுத்தால் கவுண்டரில் நின்று மல்லுக்கட்ட வேண்டாம். மறுநாள் நன்றி சொல்லி ஒரு மெயில். பதில் வராவிட்டால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அத்தோடு விட்டுவிடுங்கள். அவர் படிக்கச் சொன்னதைப் படித்திருந்தால் ஒரு மாதம் கழித்து அதை எழுதுங்கள். இதை அநேகமாக யாரும் செய்வதில்லை. செய்பவரின் பெயர் மறக்காது.

அப்பா வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நாக்கு வராது, பழகிவிடும். தமிழர் என்றால் அவர் எப்படிக் கூப்பிடச் சொல்கிறாரோ அப்படி.

நம் ஆட்களிடமே ஒரு குறை எனக்கு உண்டு. ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது ஒரு மாமி நம்மைப் பிடித்து, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பேங்க்ல பெரிய வேலையில இருக்கார், நம்பர் தரேன், நான் சொன்னேன்னு சொல்லு" என்பார். மாமியின் மனசு தங்கம். ஆனால் அந்த மனிதரை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு இருக்கும்போது முன்பின் தெரியாதவரிடமிருந்து போன் வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? நம்பர் கிடைத்தாலும் கூப்பிடாதீர்கள். "அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் மாமி" என்று திருப்பிக் கேளுங்கள். நாளைக்கு நீங்கள் யாருடைய நம்பரையாவது கொடுக்கும் நிலைக்கு வரும்போதும் இதே கதைதான்.

கனடா அனுபவம் இருக்கிறதா என்ற அந்தப் பழைய தொல்லைக்கு வருவோம். ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வெளிப்படையான வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கக் கூடாது. எஞ்சினியர் உரிமம் தரும் பிஇஓ 2023-லேயே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் விளம்பரத்திலிருந்து போனது மேனேஜரின் மனதிலிருந்து போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தில்தான் உங்களுக்காகப் பேச ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அதற்காகக் காசு கொடுத்துப் பொய் அனுபவக் கடிதம் வாங்கிவிடாதீர்கள். பின்னணிச் சோதனையில் சிக்கினால் உங்களைப் பரிந்துரைத்தவர் தலையும் உருளும்.

யாரையுமே தெரியாது என்றால் அக்சஸ் எம்ப்ளாய்மென்ட், காஸ்டி போன்ற இடங்களுக்குப் போங்கள். பிஆர் உள்ளவர்களுக்கு அங்கே வேலை தேட உதவி இலவசம். ட்ரையெக் என்ற அமைப்பு நடத்தும் வழிகாட்டித் திட்டத்தில் உங்கள் துறையிலேயே இருக்கும் ஒருவரோடு சேர்த்துவிடுவார்கள். என் நண்பனுக்கு அப்படி ஒரு வழிகாட்டி அமைந்தார். இந்த முறை அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவரே குவெல்ஃபில் ஒரு தொழிற்சாலைக்குச் சொல்லிவிட்டார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பனி கொட்டினால் இன்னும் கூட. புலம்புகிறான், ஆனால் மைக்ரோமீட்டர் மறுபடி கைக்கு வந்துவிட்டது.

டிசம்பர் நடுவிலிருந்து புத்தாண்டு வரை யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள், ஆபீஸ் காலியாக இருக்கும். வேலை கிடைத்ததும் உதவியவருக்கு முதலில் நீங்களே சொல்லுங்கள், அவர் லிங்க்ட்இனில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். முறுக்கோ மைசூர்பாகோ கொண்டுபோய்க் கொடுப்பது அதற்குப் பிறகுதான். முன்னால் கொடுத்தால் வேறு மாதிரி தெரியும், வாங்கிக்கொள்ளவும் கம்பெனி விதி இடம் தராமல் போகலாம். முந்திரி பாதாம் போட்ட பண்டமாக இருந்தால் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இங்கே நிறைய பேருக்கு ஒத்துக்கொள்ளாது.